ஜெர்மனில படிக்கிறப்போ வீக்கெண்ட் எப்படி ஊர் சுத்துறது (கையில காசு கம்மியா இருக்கவங்களுக்கு)

கேள்வி சுருக்கமா இதான்: மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வந்து நாலு மாசம் ஆச்சு, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் கிளாஸ், லேப், அசைன்மென்ட்னு ஓடிடுது, வீக்கெண்ட் வந்தா ரூம்லயே படுத்து கிடக்கேன், கூட படிக்கிறவங்க பாரிஸ், பிராக்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க, என்கிட்ட அவ்ளோ காசு இல்ல, போனா படிப்பு கெட்டுடுமோன்னு பயமாவும் இருக்கு, என்ன பண்ணலாம்?

தம்பி, மொத வருஷம் நானும் இப்படியே தான் கிடந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். மொதல்ல அந்த பாரிஸ் ஸ்டேட்டஸ பாத்து வயிறு எரியாதீங்க. அதுல பாதி பேரு வெள்ளிக்கிழமை நைட் பஸ்ல ஏறி, தூங்காம விடியக்காலைல போய் எறங்கி, பேக்க முதுகுல மாட்டிக்கிட்டே ரெண்டு நாள் நடந்து, ஞாயிறு நைட் மறுபடி பஸ் புடிச்சு, திங்கக்கிழமை நேரா கிளாஸ்ல வந்து தூங்குறவங்க. நானும் அப்படி ஒரு தடவ போயிருக்கேன். ஈஃபிள் டவர் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா போட்டோவ பாத்து தான் சொல்லணும், அந்த பஸ்ல முன் சீட்டு ஆளு சீட்ட சாய்ச்சுட்டு தூங்கினதுல என் முழங்கால் பட்ட பாடு மட்டும் இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு.

நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னு தான். ஜெர்மனில ஸ்டூடண்ட் வெளிய போக வேண்டிய நாள் ஞாயிறு, சனி இல்ல. நம்மாளுங்க எல்லாரும் உல்டாவா பண்றாங்க, சனிக்கிழமை ஊர் சுத்திட்டு ஞாயிறு ரெஸ்ட் எடுக்கலாம், துணி துவைக்கலாம், சாமான் வாங்கலாம்னு நெனப்பாங்க, அப்புறம் ஞாயிறு காலைல ஃப்ரிட்ஜ தெறந்தா அரை வெங்காயமும் ஒரு தயிர் டப்பாவும் இருக்கும், கடை ஒன்னும் தெறந்திருக்காது. இங்க ஞாயிறு கடைய மூடுறது சும்மா பழக்கத்துல இல்ல, ஞாயிறு ஓய்வு நாள்னு 1919ல வைமார் அரசியல் சட்டத்துல எழுதினத 1949ல வந்த இப்போதைய அரசியல் சட்டத்துக்குள்ள அப்படியே தூக்கி வெச்சிருக்காங்க. பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்க கடை, பெட்ரோல் பங்க், காலைல கொஞ்ச நேரம் பேக்கரி, அவ்ளோ தான். கண்ணாடி பாட்டில தெருவுல இருக்க தொட்டில போட்டா கூட சத்தம் வருதுன்னு பக்கத்து வீட்டு பாட்டி ஜன்னல தெறந்து பாப்பாங்க. டிரில் போடக்கூடாது, வாக்யூம் போட்டா கதவ தட்டுவாங்க. இப்படி ஒரு நாள்ல, அதுவும் நவம்பர் மாசம், வானம் சாம்பல் கலர்ல இருக்கப்போ, பன்னெண்டு சதுர மீட்டர் ரூம்ல உக்காந்துட்டு இருந்தா மனசு என்ன ஆகும் சொல்லுங்க. எனக்கு அந்த மொத குளிர்காலம் படிப்புனால கஷ்டமா இல்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணினால தான் கஷ்டமா இருந்துச்சு.

அதனால மாத்தி போட்டேன். சனி காலைல சாமான், துணி, மத்தியானத்துலேர்ந்து நைட் வரைக்கும் அசைன்மென்ட். ஞாயிறு காலைல வெளிய. இதுல நீங்க சொன்ன அந்த படிப்பு பயமும் பாதி போயிடும், ஏன்னா முடிக்க வேண்டியத முடிச்சுட்டு தான் வண்டி ஏறுறீங்க. சனிக்கு முழுசா ஒரு நாள் கையில இருக்கு, ஞாயிறு போகணுமேன்னு ஒரு கெடு இருக்கறதுனால வேலையும் நடக்கும். இன்னொரு லாபம், சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு தான் பாதிக்கு மேல புண்டெஸ்லிகா (இங்கத்த பெரிய ஃபுட்பால் லீக்) மேட்ச் ஆரம்பிக்கும், டார்ட்மண்ட் ஸ்டேடியத்துல மட்டும் 81 ஆயிரம் பேர் உக்காரலாம் நிக்கலாம், அவ்ளோ பேரும் மஞ்ச ஸ்கார்ஃப், கையில பீரோட நீங்க ஏற வேண்டிய அதே லோக்கல் வண்டில தான் வருவாங்க. நல்ல மனுஷங்க தான், பாட்டெல்லாம் பாடுவாங்க, ஆனா நிக்க எடம் இருக்காது. ஞாயிறும் மேட்ச் உண்டு, கூட்டம் கம்மி. மியூசியம், கோட்டை எல்லாம் ஞாயிறு தெறந்திருக்கும், திங்கள் தான் லீவு விடுவாங்க. மியூனிக்ல இருக்கவங்களுக்கு ஒரு குறிப்பு, அங்க பினகோத்தேக்னு சொல்ற பெரிய ஓவிய மியூசியங்கள்ல ஞாயிறு டிக்கெட் 1 யூரோ தான், மழை பெஞ்சா அங்க போயிடுங்க.

இப்ப டிக்கெட். உங்க செமஸ்டர் ஃபீஸ்லயே டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது நாடு முழுக்க லோக்கல் வண்டில போற மாசப் பாஸ், சேர்ந்திருக்கான்னு மொதல்ல பாருங்க, நெறைய யூனிவர்சிட்டில இருக்கு, எல்லாத்துலயும் இல்ல. இந்த டிக்கெட் 2023 மே 1ஆம் தேதி மாசம் 49 யூரோனு ஆரம்பிச்சாங்க, 2025ல 58 ஆச்சு, 2026ல 63. ஸ்டூடண்ட்ஸுக்கு ஃபீஸோட வர்றது அதுல 60 சதவீதம் தான். நீங்க ஏற்கனவே கட்டிட்டீங்க, ரூம்ல படுத்திருந்தாலும் அந்த காசு போன காசு தான், அதனால ட்ரிப்புக்கு போக்குவரத்து செலவு ஏறக்குறைய பூஜ்யம். நாடு முழுக்க ஆர்இ, ஆர்பி, எஸ்-பான்னு சொல்ற லோக்கல் ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாத்துலயும் செல்லும். ஐசிஇ, ஐசி, இசினு சொல்ற தூரத்து வேக ரயில் மூணுலயும் செல்லாது, இதுல தான் புதுசா வர்றவங்க மாட்டுவாங்க, ஏன்னா ரெண்டும் ஒரே பிளாட்ஃபார்ம்ல அஞ்சு நிமிஷ வித்தியாசத்துல வரும், வெள்ளை கலர் வண்டி சொகுசா இருக்கேன்னு ஏறிட்டா முடிஞ்சுது. ரயில் ஆப்ல டாய்ச்லாண்ட் டிக்கெட் வண்டி மட்டும் காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கு, அத ஆன் பண்ணி வெச்சுட்டு தேடுங்க. டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ ஃபைன். உங்க பேர்ல டிக்கெட் இருந்து கையில எடுத்துட்டு வரலன்னா, அப்புறம் போய் காட்டி லோக்கல் வண்டில வழக்கமா 7 யூரோவோட முடிச்சுக்கலாம். ஃபோன்ல சார்ஜ் தீர்ந்து போச்சுங்கறதும் செக்கருக்கு டிக்கெட் இல்லாத மாதிரி தான், அதனால பவர்பேங்க் இல்லாம கெளம்பாதீங்க.

உங்க யூனிவர்சிட்டில இது இல்லன்னா மாநில டிக்கெட்னு ஒன்னு இருக்கு, பவேரியாவுக்கு பயர்ன் டிக்கெட், மத்த மாநிலத்துக்கும் அந்தந்த பேர்ல உண்டு. அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட், ஆள் கூட கூட தலைக்கு விலை கொறையும், வீக்கெண்ட்ல நடுராத்திரி 12லேர்ந்து அடுத்த நாள் விடியக்காலை 3 மணி வரை செல்லும். போறவங்க பேரெல்லாம் அதுல எழுதணும், எழுதாம உக்காந்திருந்தா செக்கர் வந்து நிப்பாரு.

இந்த அஞ்சு பேர் டிக்கெட்ல நாங்க பட்டத சொல்றேன், ஏன்னா இது உங்களுக்கும் கண்டிப்பா நடக்கும். தீசிஸ் பண்ண மியூனிக் வந்த புதுசு, அஞ்சு பேரா டெகர்ன்சே ஏரிக்கு போலாம்னு கெளம்பினோம். ஸ்டேஷனுக்கு ஓடி வந்தோம், கதவு மூடப்போகுது, மூணு பேர் முன்னாடி பெட்டில ஏறிட்டாங்க, நானும் இன்னொருத்தனும் பின்னாடி கெடச்ச கதவுல ஏறினோம், ஒரே வண்டி தானே, உள்ளயே நடந்து போய் சேந்துக்கலாம்னு நெனச்சோம். போக முடியல, நடுவுல வழி இல்ல. சரி எறங்குறப்போ பாத்துக்கலாம்னு உக்காந்துட்டோம். ஹோல்ட்ஸ்கிர்ஹன்னு ஒரு ஸ்டேஷன்ல வண்டி ரொம்ப நேரம் நின்னுச்சு, ஜெர்மன்ல ஏதோ அறிவிப்பு, நாங்க காதுல வாங்கல, ஒரு சின்ன குலுக்கல், அப்புறம் கெளம்பிடுச்சு. பத்து நிமிஷத்துல ஃபோன். "டேய், எங்கடா இருக்கீங்க, நாங்க ஏரிய நெருங்கிட்டோம்". "நாங்களும் உங்க பின்னாடி பெட்டில தான்டா இருக்கோம்". "பின்னாடி பெட்டியே இல்லடா".

அந்த வண்டி வழியில பிரிஞ்சு பிரிஞ்சு போற வண்டி. ஒரு துண்டு பயரிஷ்செல் பக்கம், ஒரு துண்டு லெங்க்ரீஸ், ஒரு துண்டு டெகர்ன்சே. அஞ்சு பேர் டிக்கெட் அவங்க மூணு பேர் கையில, நாங்க ரெண்டு பேர் வேற ஊருக்கு போற துண்டுல டிக்கெட் இல்லாம. செக்கர் வர்றதுக்குள்ள எறங்கிடணும்னு அடுத்து வந்த ஷ்லியர்சேல குதிச்சோம். பாத்தா அங்கயும் ஒரு ஏரி. ஒருத்தரும் சொல்லாத ஏரி. சுத்தி நடந்தா ஏழு கிலோமீட்டர் வரும், தண்ணி ஓரமாவே பாதை, காலைல பனி மேல எழும்பி போயிட்டு இருந்துச்சு, ஒரு தாத்தா மரப்பலகைல உக்காந்து காலை தண்ணில விட்டுட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. ரெண்டு பேரும் டப்பால கொண்டு போன சாதத்த அங்க உக்காந்து சாப்டோம். திரும்பி வர தனி டிக்கெட் எடுக்க வேண்டியதா போச்சு, அந்த வலி இருக்கு, ஆனா அன்னிக்கு நல்ல எடம் கெடச்சது வழி தப்பின எங்களுக்கு தான், மத்த மூணு பேரு கூட்டத்துல நின்னுட்டு வந்தாங்க.

அதனால, வண்டி ஏறும்போது பிளாட்ஃபார்ம் போர்டுல ஒரே வண்டிக்கு ரெண்டு மூணு ஊர் பேர் போட்டிருந்தா உஷாரா இருங்க. பக்கத்துல ஏ, பி, சினு எந்த பகுதில நிக்கணும்னு இருக்கும், பெட்டி பக்கவாட்டுலயும் உள்ள இருக்க ஸ்கிரீன்லயும் அந்த பெட்டி எங்க போகுதுன்னு இருக்கும், அத பாத்துட்டு உக்காருங்க. குரூப் டிக்கெட்னா குரூப்பா ஏறுங்க.

இன்னொரு வில்லன் எஸ்இவி. வீக்கெண்ட்ல தான் தண்டவாள வேலைய வெச்சுப்பாங்க, அப்ப வண்டிக்கு பதிலா பஸ் விடுவாங்க, அதுக்கு பேரு தான் எஸ்இவி. அந்த பஸ் ஸ்டேஷன் வாசல்லயே நிக்கும்னு சொல்ல முடியாது, சில எடத்துல பின்பக்கம், சில எடத்துல அடுத்த தெரு, முப்பது நிமிஷ பயணம் ஒன்னே கால் மணி நேரம் ஆயிடும். வெள்ளிக்கிழமை பாத்த டைம நம்பி ஞாயிறு போகாதீங்க, சனி நைட் தூங்க போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆப்ல பாருங்க. அதே மாதிரி கிராமத்து பஸ். ஞாயிறு ரெண்டு மணி நேரத்துக்கு ஒன்னு இருந்தா பெரிய விஷயம், சில ரூட்ல ஃபோன் பண்ணி முன்கூட்டியே சொன்னா தான் வேனே வரும். போற பஸ்ஸ விட திரும்பி வர்ற கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு மொதல்ல பாருங்க. மலை அடிவாரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு கடைசி பஸ்ஸ விட்டுட்டு நின்ன அனுபவம் இருக்கு, டாக்ஸிக்கு குடுத்த காசுல நாலு வாரம் சாப்பிட்டிருக்கலாம்.

எங்க போறதுன்னு கேட்டா, உங்க ஊர் ஸ்டேஷன்லேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போற எல்லா லைனோட கடைசி ஸ்டேஷன் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுவே ஒரு செமஸ்டருக்கு வரும். பெரிய எடங்கள்ல எனக்கு புடிச்சத மட்டும் சொல்றேன்.

ரைன் நதி பள்ளத்தாக்கு, இத விட்டுடாதீங்க. கோப்லென்ஸ்லேர்ந்து பிங்கன் வரைக்கும் 65 கிலோமீட்டர், 2002ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, ரெண்டு கரையிலயும் வரிசையா கோட்டை. கோப்லென்ஸ்ல இடது கரை லோக்கல் வண்டில ஏறி மைன்ஸ் பக்கம் போறப்போ இடது ஜன்னல்ல உக்காருங்க, நதி அந்த பக்கம் தான். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டியா பாத்து ஏறுங்க, பொப்பார்ட், சங்க்ட் கோவார், பஹராஹ் எங்க புடிக்குதோ அங்க எறங்கி அடுத்த வண்டில மறுபடி ஏறலாம், டிக்கெட் தான் இருக்கே. கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவுல நதிய தாண்ட ஒரு பாலம் கூட கிடையாது, எல்லாம் படகு தான், சங்க்ட் கோவார்ல காரெல்லாம் ஏத்திக்கிட்டு படகு குறுக்க போயிட்டு வந்துட்டே இருக்கும், நாங்க அக்கரைக்கு போய் லோரலை பாறை மேல ஏறினோம், 132 மீட்டர், மூச்சு வாங்கும், மேலேர்ந்து பாத்தா நதி வளையிற எடத்துல சரக்கு கப்பல் திரும்புறதே ஒரு பத்து நிமிஷ சினிமா.

கிழக்குப்பக்கம் படிக்கிறவங்க ட்ரெஸ்டன்லேர்ந்து எஸ்1 வண்டில கூரோர்ட் ராட்டன் போயி, படகுல எல்ப நதிய தாண்டி, பாஸ்டை பாறைக்கு ஏறுங்க. 1851ல கட்டின கல்பாலம், கீழ நதி 194 மீட்டர் ஆழத்துல. காலைல எட்டு மணிக்குள்ள போனா பாலம் உங்களுக்கு மட்டும், பத்து மணிக்கு மேல போனா செல்ஃபி ஸ்டிக் காட்டுக்குள்ள நடக்குற மாதிரி இருக்கும். தெற்க உல்ம் ஊர் சர்ச், கோபுரம் 161.5 மீட்டர், 2025ல பார்சிலோனாவுல இருக்கற சக்ராட ஃபமிலியா தாண்டுற வரைக்கும் உலகத்துலயே உசரமான சர்ச் அது தான், 768 படி, கடைசி பகுதி ஒரு ஆள் போனா இன்னொரு ஆள் ஒதுங்கணும். கொலோன்னா 533 படி. முழங்கால் நல்லா இருக்கப்போவே ஏறிடுங்க. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை எல்லாரும் போவாங்க, நீங்களும் போவீங்க, அதுக்கு நான் எதுக்கு.

வடமேற்கு பக்கம் இருக்கவங்களுக்கு ஒன்னு. ஹம் ஊர்ல, ஊன்ட்ராப்னு ஒரு தொழிற்பேட்டை ஏரியா, லாரியும் குடோனுமா இருக்கும், அதுக்கு நடுவுல திடீர்னு ஒரு கோபுரம். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், 2002ல கும்பாபிஷேகம் பண்ணினது, இலங்கைலேர்ந்து போர் நேரத்துல இங்க வந்த தமிழ் ஆளுங்க கட்டி எழுப்பினது. கோடைல நடக்குற தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்குல ஜனம் வரும், தீர்த்தம் பக்கத்துல இருக்க கப்பல் கால்வாய்ல தான் ஆடுவாங்க, ஒரு பக்கம் சரக்கு படகு, ஒரு பக்கம் மேளம். நான் மொத தடவ போனது சாதாரண ஞாயிறு, பஸ் கெடைக்க ஒரு மணி நேரம் நின்னேன். உள்ள போய் உக்காந்திருந்தப்போ ஒரு அம்மா வந்து "எங்க படிக்கிறீங்க தம்பி, சாப்பிட்டிட்டு போங்கோ"ன்னாங்க. அது வரைக்கும் மூணு வாரமா நான் யார்கிட்டயும் வாய் தெறந்து தமிழ்ல பேசல, ஃபோன்ல தவிர. அவ்ளோ தான் சொல்வேன், சாமி நம்பிக்கை இருக்கோ இல்லையோ ஒரு தடவ போயிட்டு வாங்க.

பார்டர் தாண்டணும்னு ஆசை இருந்தா அதுக்கும் மலிவு வழி இருக்கு. டாய்ச்லாண்ட் டிக்கெட் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் செல்லும், ஆஸ்திரியா பாத்த கணக்கு. ட்ரியர் பக்கம்னா லக்சம்பர்க், அந்த நாட்டுல 2020 ஃபிப்ரவரி 29லேர்ந்து பஸ், டிராம், செகண்ட் கிளாஸ் ரயில் எல்லாமே எல்லாருக்கும் ஃப்ரீ. கேல் ஸ்டேஷன்ல எறங்கி பாலத்துல நடந்தா அக்கரை ஃபிரான்ஸ், ஸ்ட்ராஸ்பர்க். ஆனா ஒரு விஷயம், பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் ஒரிஜினல் கையில இருக்கணும். ஷெங்கன்னா (பார்டர் செக்கிங் வேணாம்னு ஒப்பந்தம் போட்ட ஐரோப்பிய நாடுகள்) செக்கிங்கே இருக்காதுன்னு சீனியர் சொன்னத நம்பாதீங்க, 2024 செப்டம்பர் 16லேர்ந்து ஜெர்மனி தன்னோட எல்லா தரைவழி பார்டர்லயும் செக்கிங் ஆரம்பிச்சுது. எங்க குரூப்ல ஒருத்தன் பாஸ்போர்ட் தொலைஞ்சுடும்னு ரூம்லயே பூட்டி வெச்சுட்டு ஃபோன்ல போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்தான், திரும்பி வர்ற வழில போலீஸ் பஸ்ல ஏறினாங்க, அவன கீழ எறக்கி விசாரிச்ச நாப்பது நிமிஷமும் பஸ்ஸே அவனுக்காக நின்னுச்சு, அந்த நாப்பது நிமிஷம் பஸ்ல இருந்தவங்க எங்கள பாத்த பார்வை இருக்கே. ஜெர்மன் கார்ட வெச்சு மத்த ஷெங்கன் நாடுகள்ல 180 நாள்ல 90 நாள் வரைக்கும் இருக்கலாம், லண்டனுக்கு அது செல்லாது, தனி விசா. கார்ட் புதுப்பிக்க குடுத்துட்டு தற்காலிக பேப்பர் மட்டும் கையில வெச்சிருக்கீங்கன்னா பார்டர் பக்கமே போறதுக்கு முன்னாடி வெளிநாட்டவர் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. பொது இன்சூரன்ஸ்ல இருந்தா அந்த கார்டோட பின்பக்கமே ஐரோப்பிய ஹெல்த் கார்ட் தான், பர்ஸ்லயே இருக்கட்டும்.

தூரமா போறதுக்கு ஐசிஇ வேணும்னா சில வாரம் முன்னாடியே சலுகை டிக்கெட் போடுங்க, அது அந்த ஒரு வண்டிக்கு மட்டும் தான். ஆனா போய் சேர 20 நிமிஷத்துக்கு மேல லேட் ஆகும்னு தெரிஞ்சா அந்த கட்டு அவுந்துடும், வேற வண்டில ஏறலாம். ஒரு மணி நேரம் லேட்டுக்கு 25 சதவீதம், ரெண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதம் காசு திரும்ப கேக்கலாம். நம்மாளுங்க கூச்சப்பட்டுட்டு கேக்க மாட்டாங்க, ஆப்லயே கேக்கலாம், கேளுங்க.

செலவு பத்தி. விசாவுக்கு பிளாக் அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க விடுற பேங்க் கணக்குல, மாசம் 992 யூரோன்னு காட்டினோம்ல, அதுல ரூம், இன்சூரன்ஸ் போனா மிச்சம் என்னன்னு உங்களுக்கே தெரியும். நான் ஒரு ஞாயித்துக்கு 15 யூரோன்னு வெச்சிருந்தேன், பாதி வாரம் அஞ்ச தாண்டாது. சாப்பாடு டப்பால, தண்ணி பாட்டில்ல. ஸ்டேஷன் டாய்லெட்டுக்கு காசு, அதனால எறங்குறதுக்கு முன்னாடி வண்டிலயே போயிடுங்க, வண்டில ரிப்பேர்னு எழுதி ஒட்டியிருந்தா சில்லறை கைகுடுக்கும். குடிச்ச கேன், பிளாஸ்டிக் பாட்டில தூக்கி போடாதீங்க, ஒன்னுக்கு 25 சென்ட் டெபாசிட், பேக்லயே போட்டு கொண்டு வந்து திங்கக்கிழமை சூப்பர்மார்க்கெட் மெஷின்ல விடுங்க.

வீக்கெண்ட் பார்ட்டைம் ஜாப் போறீங்கன்னா மாசத்துல ரெண்டு ஞாயிறு போதும். 2024 மார்ச்லேர்ந்து ஸ்டூடண்ட் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பாக்கலாம்னு மாத்திட்டாங்கன்னு எல்லா ஞாயிறையும் ஷிஃப்டுக்கு வித்துடாதீங்க, அப்படி வித்த ஒருத்தன் என் ரூம்மேட், ரெண்டு வருஷத்துல அவன் பாத்த ஊரு அவன் வேலை பாத்த குடோன் இருக்க ஊரு மட்டும் தான்.

எக்ஸாம் டைம்ல, ஃபிப்ரவரியும் ஜூலையும் தான் பெரும்பாலும், முழு நாள் வேணாம். ஆனா சுத்தமா நிறுத்தாதீங்க, பக்கத்து காட்டுல ரெண்டு மணி நேர நடை போதும். ட்ரெய்ன்ல படிச்சுக்கலாம்னு லேப்டாப்ப மட்டும் தூக்கிட்டு போகாதீங்க. யாரும் படிச்சதில்ல. ரெண்டு கிலோ முதுகுல சும்மா வந்துட்டு போகும்.

யாரோட போறது? எல்லாரும் ஒன்னா போலாம்னு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சா பதினோரு பேர் சேருவாங்க, புதன்கிழமை வரைக்கும் எங்க போறதுன்னே முடிவாகாது, சனி நைட் ஏழு பேர் கழண்டுப்பாங்க, ஞாயிறு காலைல ரெண்டு பேர் தூங்கிடுவாங்க. மூணு, நாலு பேர் தான் சரியான கணக்கு. யாரும் வரலன்னா தனியா போங்க, மொத தடவ கூச்சமா இருக்கும், இங்க தனியா வந்து தனியா காபி குடிக்கிறவங்க நெறைய, யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க. ஜெர்மன் பேச வரணும்னா யூனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் ஆபீஸ் நடத்துற நடை, சைக்கிள் ட்ரிப்ல சேருங்க, இஎஸ்என்னு ஒரு மாணவர் அமைப்பு, 1989லேர்ந்து இருக்கு, வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ கம்மி காசுல கூட்டிட்டு போவாங்க. நைட் தங்கணும்னா யூத் ஹாஸ்டல் பாருங்க, அந்த யோசனையே இந்த நாட்டுல பொறந்தது தான், 1909ல ரிச்சர்ட் ஷிர்மான்னு ஒரு வாத்தியார் பசங்கள கூட்டிட்டு நடந்து போறப்போ இடி மழைல மாட்டி, ஒரு ஸ்கூல்ல ராத்திரி ஒதுங்கினப்போ தோணினதாம், உலகத்தோட மொத யூத் ஹாஸ்டல் ஆல்டேனா கோட்டைல வந்துச்சு. அந்த கோட்டை டார்ட்மண்ட் பக்கத்துல தான், ஒரு ஞாயிறுக்கு சரியா இருக்கும்.

மலை ஏறுறவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. ஆல்ப்ஸ் பக்கம் பாதை போர்டுல நீலம்னா சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு வேணாம். ஊருக்குள்ள டி-ஷர்ட் போடுற மே மாசத்துல மேல பனி கிடக்கும், ஸ்னீக்கர்ஸ்ல போய் வழுக்கி விழுந்து எந்திரிச்சு வராதீங்க. அவசரம்னா 112.

குளிர்காலத்துக்கு காலை வண்டி தான் ஒரே வழி. டிசம்பர்ல நாலு, நாலரைக்கே இருட்டிடும், பதினோரு மணிக்கு எந்திரிச்சு கெளம்பினா போய் சேர்றதுக்குள்ள பொழுது போயிடும். ஜூன்ல ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்ப சோம்பேறித்தனம் பண்ணிக்கலாம். நவம்பர் கடைசில கிறிஸ்மஸ் சந்தை ஆரம்பிச்சுடும், ட்ரெஸ்டன்ல நடக்கறது 1434லேர்ந்து நடக்குது, சூடா குடிக்க குடுக்குற கப்புக்கும் டெபாசிட் வாங்குவாங்க, திருப்பி குடுத்தா காசு, குடுக்கலன்னா கப்பு உங்களுக்கு. என் ஷெல்ஃப்ல ஒன்பது ஊர் கப்பு இருக்கு, வீட்டுக்கு வர்றவங்களுக்கு அதுல தான் டீ. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிடும், அன்னிக்கு காலை வண்டிக்கு ஃபோன் அலாரத்த நம்புங்க, சுவத்து கடிகாரத்த நம்பி நான் ஒரு வண்டிய விட்டேன்.

எந்த ஊர்ல படிக்கிறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே. சொன்னீங்கன்னா அங்கேர்ந்து எந்த லைன்ல ஏறி எங்க எறங்கலாம்னு எழுதுறேன். சனி நைட்டுக்குள்ள சொல்லுங்க, ஞாயிறு காலைல ஏழு மணிக்கெல்லாம் நான் வண்டில இருப்பேன், அந்த பக்கம் சுரங்கம் நெறைய, சிக்னல் கெடைக்காது.